மூளையை அளந்தவர்களும் கதவை அடைத்தவர்களும்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, மூளை ஆய்வில் உலகின் முன்னணி நிறுவனங்களில் ஒன்று. மூளைப் புறணியில் உள்ள நரம்பணுக்கள் செங்குத்துத் தூண்களாக அணிவகுத்து இயங்குகின்றன என்று 1957இல் வெர்னான் மௌண்ட்காசில் காட்டியது இங்கேதான். மார்பின் போன்ற மருந்துகள் மூளைக்குள் எந்த ஏற்பியில் சென்று பொருந்துகின்றன என்பது 1973இல் வெளிச்சத்துக்கு வந்ததும் இங்கேதான். நரம்பியலுக்கென்று 1980இல் தனித்துறையே தொடங்கப்பட்டது. இன்றும் உலகெங்கிலும் இருந்து ஆய்வு மாணவர்கள் அங்கு இடம் தேடுகிறார்கள்.

இந்தச் சாதனைகள் எப்போதும் மேதைகளின் கதையாகவே சொல்லப்படுகின்றன. திறமை இருந்தது, வாய்ப்புக் கிடைத்தது, கண்டுபிடிப்பு நிகழ்ந்தது, அவ்வளவுதான் கதை. நம் ஊரில் 'தகுதி, திறமை' என்று மேடை போட்டுப் பேசுகிறவர்களுக்கும் இந்தக் கதை மிகவும் பிடிக்கும். ஆனால் அந்தக் கல்லூரிக்குள் யார், எப்போது, எப்படி நுழைந்தார்கள் என்று பார்த்தால் கதை வேறாக இருக்கிறது.

முதலில் பெண்கள். கல்லூரி தொடங்கப் பணம் போதாமல் நிர்வாகம் திணறியபோது, மேரி எலிசபெத் காரெட் என்ற செல்வந்தப் பெண்மணி மூன்று லட்சம் டாலருக்கும் மேல் தர முன்வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார்: ஆண்களுக்கு என்ன விதியோ அதே விதியில் பெண்களையும் சேர்க்க வேண்டும். நிர்வாகத்துக்கு வேறு வழியில்லை. 1893இல் சேர்ந்த முதல் 18 மாணவர்களில் 3 பேர் பெண்கள். அடுத்த சில ஆண்டுகளில் இதே வாசல் வழியாக வந்தவர் ஃபுளோரன்ஸ் சபின். 1901இல் அவர் வெளியிட்ட மூளைத்தண்டின் வரைபட நூல் மருத்துவ மாணவர்களுக்குப் பாடமானது. நிபந்தனை இல்லையென்றால் அந்த நூலும் இல்லை. அந்தக் கல்லூரியின் முதல் பெண் பேராசிரியராக அவர் உயர்ந்தார். ஆனாலும் 1917இல் உடற்கூறியல் துறையின் தலைமைப் பொறுப்பு காலியானபோது அது அவருக்குக் கிடைக்கவில்லை. அவரிடம் படித்த ஓர் ஆணுக்குக் கிடைத்தது.

அதே உடற்கூறியல் துறையில்தான் இன்னொரு கதையும் நடந்தது. அங்கு பயின்ற ராபர்ட் பென்னட் பீன் என்பவர் கறுப்பர், வெள்ளையர் மூளைகளை அளந்து 1906இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கறுப்பர்களின் மூளையில் முன்பகுதி சிறியது, ஆகவே உயர்ந்த சிந்தனையில் அவர்கள் பின்தங்கியவர்கள் என்பது அதன் சாரம். ஆய்விதழோடு அவர் நிற்கவில்லை. பொதுமக்கள் படிக்கும் பத்திரிகையிலும் எழுதினார். கறுப்பர்களுக்கு உயர்கல்வி கொடுப்பது வீண் என்று வாதாட, மருத்துவப் பத்திரிகை ஒன்றே இந்த 'ஆதாரத்தை' எடுத்துக்கொண்டது.

பீனின் ஆசிரியரும் துறைத் தலைவருமான ஃபிராங்க்ளின் மாலுக்குச் சந்தேகம் வந்தது. பீன் அளந்த மூளைகளில் சிலவற்றையும் சேர்த்து, மொத்தம் 106 மூளைகளை அவரே மறுபடி அளந்தார். எந்த மூளை யாருடையது என்பதை அளந்து முடிக்கும்வரை தெரியாதபடி பார்த்துக்கொண்டார். 1909இல் முடிவை வெளியிட்டார். பீன் சொன்ன வேறுபாடு எதுவும் இல்லை! பீனுக்கோ அளக்கும்போதே எது யாருடைய மூளை என்பது தெரியும். அவர் தன் மனதில் இருந்த ஏற்றத்தாழ்வையே அளவுகோலில் படித்தார்.

இந்தக் காலத்தில்தான் நம் நாட்டில் ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற ஆங்கில அதிகாரி மூக்கின் நீள அகலத்தை அளந்து சாதிகளுக்கு ஏற்ற இறக்கம் கற்பித்துக்கொண்டிருந்தார். தீண்டாமையின் தோற்றம் குறித்து 1948இல் வெளியான தன் நூலில் அண்ணல் அம்பேத்கர் அந்த மூக்களவுகளையே எடுத்து வைத்துக்கொண்டு, பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் ஒரே இனத்தவர் என்று வாதிட்டார். அளவுகோல் ஒன்றுதான். அதைக் கையில் எடுத்தவர் எந்தக் கேள்வியோடு வந்தார் என்பதில்தான் வேறுபாடு.

பீனின் பொய் 1909இலேயே உடைந்துவிட்டது. கதவு உடனே திறந்ததா? இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் முதன்முதலாக இரண்டு கறுப்பின மாணவர்கள் பட்டம் பெற்றது 1967இல். இடையில் 58 ஆண்டுகள்! அறிவியல் ஒரு பொய்யைப் பொய் என்று நிரூபித்தாலும், அந்தப் பொய்யால் பயன்பெறுகிறவர்கள் தாமாகக் கதவைத் திறந்துவிடுவதில்லை. அமெரிக்காவில் அதற்குக் குடியுரிமைப் போராட்டம் தேவைப்பட்டது.

உள்ளே வந்த பிறகும் போராட்டம் முடியவில்லை. மேலே சொன்ன 1973 கண்டுபிடிப்பின் சோதனைகளைச் செய்தவர் கேண்டஸ் பெர்ட். அப்போது அவர் ஆய்வு மாணவி. 1978இல் அந்தத் துறைக்கு லாஸ்கர் விருது வந்தபோது அது அவருடைய நெறியாளருக்கும் வேறு இரண்டு ஆண் ஆய்வாளர்களுக்கும் போனது. பெர்ட் வெளிப்படையாகவே எதிர்த்தார். ஆய்வகத்தில் இரவுபகலாக உழைப்பது யார், கட்டுரையில் முதலில் யார் பெயர் வருகிறது என்ற கணக்கு எங்களைப் போன்ற ஆய்வு மாணவர்களுக்கு நன்றாகவே புரியும். பணத்திலும் இதே நிலைதான். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் வழங்கும் ஆய்வு நிதியை வைத்து 2011இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. படிப்பு, பயிற்சி, முந்தைய வெளியீடுகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், கறுப்பின ஆய்வாளர்களுக்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட 10 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்தது.

இதனால் இழப்பு யாருக்கு? அறிவியலுக்கும்தான். அமெரிக்காவில் வயதான கறுப்பர்களுக்கு அல்சைமர் நோய் வரும் வாய்ப்பு வெள்ளையரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் மூளை சார்ந்த மரபணு ஆய்வுகளின் தரவுகளில் மிகப் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. யாருக்கு நோய் அதிகமோ அவர்கள் ஆய்வில் இல்லை. இதைக் கேள்வி கேட்டவர்களில் பால்டிமோரின் கறுப்பினத் தேவாலயப் போதகர்கள் முக்கியமானவர்கள். அவர்களும், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ வளாகத்தில் இயங்கும் லீபர் மூளை ஆய்வு நிறுவனமும் கைகோத்து 2019இல் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கான நரம்பியல் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கினர். இறந்த 151 கறுப்பின அமெரிக்கர்களின் மூளைத் திசுக்களை ஆராய்ந்த கட்டுரை 2024இல் வெளிவந்தது. மரபணுக்கள் மூளையில் செயல்படும் விதத்தில் வம்சாவளியின் பங்கு எவ்வளவு, வாழ்ந்த சூழலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அது முயன்றது. பீன் கேட்டது, 'இவர்கள் ஏன் தாழ்ந்தவர்கள்?' அந்த மக்கள் கேட்டது, 'எங்கள் நோய்க்கு ஏன் மருந்து இல்லை?' கேட்பவர் மாறினால் கேள்வி மாறும். கேள்வி மாறினால் அறிவியலும் மாறும்.

இப்போது அந்தக் கதவு மறுபடி சாத்தப்படுகிறது. ஆசிய வம்சாவளி மாணவர்களின் பெயரைச் சொல்லித் தொடுக்கப்பட்ட வழக்கில், மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்ளக் கூடாது என்று 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த கறுப்பின மாணவர்களின் எண்ணிக்கை 11.6 சதவீதம் குறைந்தது. அதே 2024இல், புளூம்பெர்க் அறக்கட்டளை தந்த 100 கோடி டாலரால், ஆண்டு வருமானம் 3 லட்சம் டாலருக்குக் கீழ் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் கட்டணம் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய அறிவிப்புதான். ஆனால் கட்டணச் சலுகை, இடம் கிடைத்தவருக்குத்தான் உதவும். பொருளாதார அளவுகோல் போதும், சாதி எதற்கு என்று இங்கே வாதிடுகிறவர்கள் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

உள்ளே நுழைந்தபின் என்ன நடக்கிறது என்பதற்கு நமக்கும் சாட்சியம் உண்டு. டெல்லி எய்ம்ஸில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் எதிர்கொண்ட பாகுபாட்டை 2007இல் தோரட் குழு அறிக்கை பதிவு செய்தது. ஆகவே இடஒதுக்கீட்டைச் சேர்க்கைப் பட்டியலோடு நிறுத்திவிட முடியாது. நெறியாளர் ஒதுக்கீடு, ஆய்வு நிதி, பேராசிரியர் நியமனம், விருது என்று அறிவியலின் ஒவ்வொரு படியிலும் கணக்குக் கேட்டாக வேண்டும்.

நரம்பியல் படிக்க ஆசைப்படும் தோழர்களே, துணிந்து விண்ணப்பியுங்கள். 'உனக்கெல்லாம் அந்த மூளை இருக்கிறதா' என்று எவராவது கேட்டால், அதை அளந்து பார்த்து 1909லேயே விடை சொல்லியாகிவிட்டது என்று சொல்லுங்கள்.