தலை திரும்பும் பொம்மை

காலாண்டு விடுமுறையில் எங்கள் பட்டறைக்கு ஒரு பையன் வந்தான். விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் இது வழக்கம்தான். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளைகள் அப்பா அம்மாவோடு வந்துவிடுவார்கள். ஆளுக்கொரு உருண்டை களிமண்ணைக் கொடுத்து மூலையில் உட்கார வைப்போம். மற்றவர்கள் பிள்ளையார், யானை, ஆமை என்று பிசைந்துகொண்டிருக்க, நாலாவது படிக்கும் இவன் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் பொம்மையைச் செய்தான். தலையைத் தனியாகச் செய்து, கழுத்தில் குச்சி செருகி, அது சுழலும்படி வைத்திருந்தான். கைவேலை நன்றாகவே வந்திருந்தது. “தஞ்சாவூர்த் தலையாட்டியாடா?” என்று கேட்டேன். “இல்ல மாமா, இது திரும்பும்போது யாரு அசையுறாங்களோ அவங்களைச் சுட்டுருவாங்க” என்றான்.

அவன் அப்பா பக்கத்தில் அகல் விளக்குகளை வைக்கோல் போட்டுப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். சிரித்தார். “ஏதோ கொரியாப் படங்க. போன்ல பாக்குறான். தமிழ்லயே பேசுறாங்க.”

நானும் சேர்ந்து சிரித்தேன். கோபம் ராத்திரிதான் வந்தது. பையன் மேல் இல்லை. அந்த ‘ஏதோ’ மேல்.

அப்பாக்களே, அம்மாக்களே, உங்களிடம்தான் பேசுகிறேன். பிள்ளை என்ன குழம்பு ஊற்றிச் சாப்பிட்டான் என்று தெரியும். எந்த டியூஷன், எத்தனை மார்க், எல்லாம் தெரியும். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் அவன் கண்ணுக்குள் என்ன போகிறது என்று கேட்டால் மட்டும் ‘ஏதோ’. அந்த ஏதோவுக்குப் பெயர் ‘ஸ்க்விட் கேம்’. 2021-ல் முதல் பாகம் வந்தது, 2025-ல் மூன்றாவது பாகத்தோடு முடிந்தது. கடனில் மூழ்கியவர்களைக் கூட்டிவந்து, குழந்தைகள் ஆடும் ஆட்டங்களை ஆடவிட்டு, தோற்றவர்களைச் சுட்டுக் கொல்லும் கதை. கடன்காரனை இந்தச் சமூகம் எப்படி நடத்துகிறது என்பதுதான் அதில் பேச்சு. பெரியவர்களுக்கு அது உறைக்கும். மகளிர் குழுத் தவணை, மைக்ரோ பைனான்ஸ்காரன் வாசலில் வந்து நிற்பது என்று நாம் படுகிற பாடு அந்தக் கதையில் இருக்கிறது. ஒன்பது வயதுப் பையனுக்கு அதில் தெரிவது பொம்மையும் துப்பாக்கியும் மட்டும்தான். அவனைக் குறை சொல்ல முடியுமா? பொம்மையைத்தான் பார்ப்பான், பொம்மை செய்கிற ஊர்ப் பிள்ளை.

“நாங்க என்னங்க பண்றது, எல்லாம் போன்ல வருது” என்பீர்கள். வருகிறதுதான். ஆனால் வயது ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி ஓடிடிக்காரர்கள் ஒவ்வொரு படத்துக்கும் தொடருக்கும் வயது போட வேண்டும்: யு, 7-க்கு மேல், 13-க்கு மேல், 16-க்கு மேல், ஏ. பதின்மூன்றுக்கு மேற்பட்டதற்கெல்லாம் பெற்றோர் பூட்டு ஒன்றும் கொடுத்தாக வேண்டும். தியேட்டர் படங்களுக்கும் 2024-லிருந்து யுஏ சான்றிதழை 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். திரையின் மேல் மூலையில் அந்த எண் வந்து போகிறது. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அந்த நேரத்தில்தானே நாம் பாப்கார்னைப் பிரித்துக்கொண்டிருப்போம்!

2025 ஆகஸ்டில் ‘கூலி’ ஏ சான்றிதழோடு வந்தபோது டீக்கடையில் ஒரே புலம்பல். ரஜினி படத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போக முடியாதா, இது என்ன அநியாயம் என்று. படத்தில் என்ன இருக்கிறது, ஏன் ஏ கொடுத்தார்கள் என்று ஒருவர் கேட்கவில்லை. 2006-ல் விஜயகாந்தைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊர் இது. சினிமாவைப் பற்றி நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. எந்தப் படம் எந்த தியேட்டரில் எத்தனை நாள் ஓடியது என்று கடகடவென்று சொல்வோம். அது எந்த வயதுக்கு என்ற ஒரு கணக்குதான் நமக்கு வராது.

இந்தத் தொழிலில் இருந்துகொண்டு இது வராமல் இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். அச்சிலிருந்து எடுத்த பொம்மையை அப்படியே சூளைக்குள் யாராவது வைப்போமா? நிழலில் உலர்த்தி, திருப்பிப் போட்டு, தட்டிப் பார்த்து, ஈரம் முழுக்கப் போனபிறகுதான் உள்ளே போகும். அதிலும் எடுத்த எடுப்பில் முழுச் சூடு கிடையாது. அவசரப்பட்டால் உள்ளே தங்கிய தண்ணீர் ஆவியாகி பொம்மை வெடிக்கும், தெறிக்கிற சில்லு பக்கத்து பொம்மையையும் கெடுக்கும். அந்த நஷ்டத்துக்குப் பயந்து சூளை வாசலிலேயே ராத்தங்கல் கிடப்போம். பையன் விஷயத்தில் மட்டும் “அவனுக்கெல்லாம் பயமே கிடையாதுங்க” என்று பெருமை வேறு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அங்கே என் ஆத்திரம் இன்னும் கூடுதல். பார்க்கக் கூடாததைப் பார்க்கும்போது ‘ஏதோ பாக்குறான்’ என்று விடுகிற அதே பெற்றோர், பிள்ளை விண்கலம், ரோபோ, கால இயந்திரம் என்று ஏதாவது பார்த்தால் “காதுல பூ சுத்துறான், நீயும் வாயைப் பொளந்துகிட்டு பாக்குற” என்று டிவியை நிறுத்துகிறார்கள். நம் தாத்தா பாட்டிகளே 1963-ல் ‘கலை அரசி’ பார்த்தவர்கள்தான். வேற்றுக்கிரகத்துக்காரன் பூமிக்கு வந்து, தங்கள் ஊருக்கு இசை கற்றுக்கொடுக்க பானுமதியைத் தூக்கிக்கொண்டு போவான், எம்.ஜி.ஆர். பின்னாலேயே போவார். அவர்கள் ரசித்தார்கள். நமக்குத்தான் ரொம்ப வளர்ந்துவிட்டதாக நினைப்பு.

2024 பொங்கலுக்கு வந்த ‘அயலான்’ பெரிய காவியம் ஒன்றும் இல்லை. பாட்டுகள் கதையை நிறுத்தி வைக்கின்றன, வில்லன் நிறுவனம் காகிதத்தில் வெட்டி ஒட்டியது மாதிரி இருக்கிறது. ஆனாலும் பூமியை ஆழத் துளைத்து லாபம் எடுக்கப் பார்க்கும் ஒருவனைத் தடுக்க வேற்றுக்கிரக உயிர் ஒன்று வருகிறது என்ற கதை, நெய்வேலிக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற நமக்கு எப்படிக் கேட்க வேண்டும்? முந்தைய வருடம் ஜூலையில்தான் வளையமாதேவியில் பயிர் நின்ற நெல்வயலில் நெய்வேலிச் சுரங்க வேலைக்காக மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. என் மகள் படம் பார்த்துவிட்டு, “நெய்வேலில தோண்டுறதும் இதுதானாப்பா?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அங்கிருந்து வரும் கரண்டில்தான் வீட்டில் விளக்கு எரிகிறது, அந்தப் பக்கத்துக் களிமண்ணில்தான் என் பிழைப்பும் நடக்கிறது. இரண்டையும் சொன்னேன். வயல் போனவர்களைப் பற்றியும் சொன்னேன். படுக்கப் போக மணி பதினொன்று ஆகிவிட்டது. ஒரு சுமாரான படம் எங்கள் வீட்டில் கிளப்பிய பேச்சு அது. டிவியை நிறுத்தியிருந்தால் அதுவும் இல்லை.

‘டிக் டிக் டிக்’ விண்வெளிப் படம் பார்த்த ஒரு பையன் பட்டறையில் கேட்டான்: “ராக்கெட் திரும்பி வரும்போது எரியாதா?” அவன் அப்பா பத்து வருடமாக பியூஸ் கேரியர் சுடுகிறவர். “போய் வேலையைப் பாரு” என்றார். எனக்குச் சுரீரென்றது. அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில் விண்கலத்தின் மேல் ஒட்டியிருந்தது என்ன? சிலிக்கா ஓடு. 20,000-க்கும் மேல் ஓடுகள், ஒவ்வொன்றும் அதற்குரிய இடத்துக்கென்று தனித்தனியே அறுத்து ஒட்டியவை. வயிற்றுப் பக்கத்துக் கறுப்பு ஓடுகள் 1,200 டிகிரிக்கு மேல் சூடு தாங்கும். அந்த டிகிரி உங்களுக்குப் புதிதா? சூளையின் எட்டிப் பார்க்கும் துளையில் தினமும் பார்க்கிற வெளிச்சம்தானே அது. ராக்கெட்டுக்கும் செராமிக்தான்டா கவசம், உங்கப்பனும் செராமிக்காரன்தான்டா என்று சொல்லிப் பாருங்கள், அந்தப் பையன் தெருவெல்லாம் சொல்லித் திரிவான். செராமிக் டிப்ளமோ படிக்கவென்றே நம் ஊரில் அரசு நிறுவனம் இருக்கிறது. அதில் சேர்வதை மார்க் குறைந்தவன் தலையெழுத்து என்று வீட்டில் பேசுகிறவர்களும் நாம்தான்.

சரி, இருட்டான தொடர்களுக்கு வருகிறேன். அவற்றைத் தடை செய்ய வேண்டும் என்று மனு எழுதுகிற கூட்டத்தில் நான் இல்லை. அவை நமக்காக எடுத்தவை, நாம்தான் பார்ப்பதில்லை. 2022-ல் வந்த ‘சுழல்’ கதை நடப்பது சாம்பலூர் என்ற கற்பனை ஊரில். சிமெண்ட் ஆலை, தொழிற்சங்கம், மயானக் கொள்ளைத் திருவிழா. மேல்மலையனூருக்குப் போய்வருகிற நமக்கு அந்தக் கூட்டமும் வேஷமும் சொந்த ஊர் மாதிரி இருக்கும். திருவிழா சமயத்தில் ஒரு பெண் காணாமல் போகிறாள். ஊரே வெளியாளைச் சந்தேகிக்கிறது. கடைசியில் பார்த்தால் கேடு வீட்டுக்குள்ளிருந்தே வந்திருக்கிறது. நடுவில் இரண்டு பகுதிகளை நீட்டி முழக்கியிருக்கிறார்கள் என்பது என் குறை. ஆனால் பெண் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் ஒருமுறை பார்த்தால், சொந்தக்காரர் மடியில் உட்கார மறுக்கிற குழந்தையை “மரியாதை தெரியலை” என்று இனிமேல் அதட்ட மாட்டார்கள்.

அடுத்தது ‘அடலசன்ஸ்’. 2025 மார்ச்சில் வந்த இங்கிலாந்துத் தொடர், நாலே பகுதி. ஒவ்வொரு பகுதியும் வெட்டு இல்லாமல் ஒரே ஓட்டமாக எடுத்தது. விடிகாலையில் போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு வந்து பதின்மூன்று வயதுப் பையனைக் கைது செய்கிறது, கூடப் படிக்கும் பெண்ணைக் கொன்றதற்காக. அப்பா பிளம்பர், குடிகாரர் இல்லை, அடிக்கிறவர் இல்லை, நம்மைப் போல உழைத்து அலுத்து வீட்டுக்கு வருகிற ஆள். பையன் வெளியே சுற்றவில்லை, அறைக்குள் கம்ப்யூட்டரோடுதான் இருந்தான், பத்திரமாக இருக்கிறான் என்று அந்தப் பெற்றோர் நம்பியிருந்தார்கள். பார்த்து முடித்தபோது எனக்கு எச்சில் விழுங்க முடியவில்லை. பிரிட்டனில் உயர்நிலைப் பள்ளிகளில் இலவசமாகப் போட்டுக் காட்ட ஏற்பாடு செய்தார்கள். நம் ஊரில் யாராவது பார்த்தீர்களா என்று எஸ்டேட்டில் கேட்டேன். ஒரே ஒருவன் பார்த்திருந்தான். பதினொன்றாம் வகுப்பு. தனியாக, போர்வைக்குள், ஹெட்போன் போட்டுக்கொண்டு. “யாருகிட்ட அண்ணா பேசுறது?” என்றான்.

ஆகவே இந்த வாரம் பிள்ளைகள் தூங்கியபிறகு நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து அதைப் பாருங்கள், நாலு மணி நேரம்கூட ஆகாது. ஞாயிற்றுக்கிழமை ‘அயலானோ’ ‘இன்று நேற்று நாளை’யோ போட்டு எல்லோருமாகப் பாருங்கள், உங்கள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு. அதற்கு முன்னால் அந்தப் பெற்றோர் பூட்டைப் போடுங்கள். நாலு எண்தான், இரண்டு நிமிட வேலை. பிள்ளையின் பிறந்த வருடத்தை மட்டும் வைக்காதீர்கள். நான் அதைத்தான் வைத்திருந்தேன், ஆறு மாதம் பூட்டிவிட்ட நிம்மதியில் தூங்கிக்கொண்டிருந்தேன். அதையும் என் மகள்தான் சொன்னாள், சிரித்துக்கொண்டே.