விண்ணில் உறைந்த இரத்தம்

நாம் நிமிர்ந்து நிற்கையில், தலையிலுள்ள இரத்தம் தன் பாரத்தாலேயே கழுத்து நாளங்களின் வழியாக இருதயத்தை நோக்கி இறங்கிவிடுகின்றது. விண்வெளி நிலையத்தில் வாழ்வோருக்கு இவ்வுதவி இல்லை. முகம் உப்ப, கால்கள் மெலிகின்றன. 2019 இல் வெளிவந்த ஆய்வொன்றில், 11 வீரருள் அறுவரின் கழுத்து நாளத்தில் இரத்தம் தேங்கியோ பின்னோக்கி ஓடியோ இருக்கக் காணப்பட்டது.

அவ்வாய்வின்போதே ஒருவருடைய நாளத்தில் இரத்தம் உறைந்திருப்பதும் தெரியவந்தது. அவர் விண்ணேறி ஏறக்குறைய இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. நோவில்லை, குறியில்லை, ஆய்வு நடைபெறாதிருப்பின் எவரும் அறிந்திரார். அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தாலோ உயிருக்கே மோசம்.

வட கரோலினாப் பல்கலைக்கழக வைத்தியர் ஸ்டீபன் மோல் பூமியிலிருந்தே வைத்தியஞ் சொன்னார். நிலையத்திலிருந்த ஊசிமருந்து சொற்பம். சரக்குக் கலம் குளிகைகளைக் கொண்டுவரும்வரை, ஏறத்தாழ நாற்பது நாட்கள், அதனை அளந்து அளந்தே செலவிட்டனர். ஒருநாள் வைத்தியரின் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. அழைத்தவர் விண்ணிலிருந்த அந்நோயாளியே! பூமியிலுள்ளோர் வழிகாட்ட, தம் கழுத்தை ஒலியலைக் கருவியாற் படம்பிடித்தவரும் அவரே.

திரும்புவதற்கு நான்கு நாட்கள் முன்னதாக மருந்தை நிறுத்தினர். இறங்குகையிற் காயம் நேரின் இரத்தப்பெருக்கு அடங்காதே என்ற அச்சம். அவர் நலமே வந்து சேர்ந்தார். மேலும் வைத்தியம் வேண்டியிருக்கவில்லை. 2020 இல் வைத்தியர்கள் வெளியிட்ட அறிக்கையில் அவர் பெயர் இல்லை.