சரக்கு ரெடி!

ரொம்ப நாள் கழிச்சுப் பதிவு போடறேன். சொந்தச் சரக்கு தீர்ந்து போச்சான்னு கலாய்க்காதீங்க மக்களே, இன்னிக்குச் சரக்கைப் பத்தியேதான் பதிவு :-)

சென்னையிலேர்ந்து வந்த நண்பனுக்கு மரக்காணம் உப்பளம் காட்டக் கூட்டிக்கிட்டுப் போனேன். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் லாரி பக்கத்துல நின்ன பெரியவர் போன்ல, "சரக்கு ரெடிப்பா, சாயங்காலத்துக்குள்ள ஏத்திடலாம்"ங்கறார். நம்மாளு முழிக்கிறான். "என்னடா இது, பட்டப்பகல்ல இவ்வளவு ஓப்பனாவா?" டேய், அவர் சொன்னது உப்புடா!

அவனைச் சொல்லிக் குத்தமில்லை. நாட்டு மருந்துக் கடையில சுக்கும் திப்பிலியும் சரக்கு. மேடையில பேசறவர்கிட்ட சரக்கு இருக்குன்னா விஷயம் தெரிஞ்சவர். 2017ல வந்த ஜிஎஸ்டிக்குத் தமிழ்ல சரக்கு மற்றும் சேவை வரி. இதுல பெரிய காமெடி, குடிக்கிற சரக்குக்கு அந்த வரி கிடையாது, அதுக்கு வாட்தான். (பொண்ணுங்களைச் சரக்குன்னு சொல்ற கோஷ்டியோட எனக்குப் பேச்சே இல்லை.) வெள்ளைக்காரனும் இப்படித்தான். லண்டன்ல ஒருத்தன் 'பிஸ்டு'ன்னா ஃபுல் போதை, அதையே அமெரிக்காவுல சொன்னா கடுங்கோபம்.

இதெல்லாம் எனக்கும் சிரிப்பாத்தான் இருந்துச்சு, 2023 மே மாசம் வரைக்கும். எங்க ஊருக்குப் பக்கத்துல எக்கியார்குப்பம், மீனவர் கிராமம். அங்க குடிச்சவங்கள்ல பத்துப் பேருக்கு மேல செத்துப் போனாங்க. அதே நாட்கள்ல செங்கல்பட்டு மாவட்டத்துலயும் சாவு. ரெண்டும் சேர்த்து இருபதைத் தாண்டிடுச்சு.

உள்ள இருந்தது மெத்தனால். பெயிண்ட், வார்னிஷ் வேலைக்கெல்லாம் போற தொழிற்சாலைச் சமாச்சாரம். பார்க்க, மோந்து பார்க்க சாராயம் மாதிரியே இருக்கும். உடம்புக்குள்ள போய் ஃபார்மிக் அமிலமா மாறி முதல்ல கண் நரம்பை அடிக்கும். குடிச்ச உடனே ஒண்ணும் தெரியாது, பல மணி நேரம் கழிச்சுத்தான் வேலையைக் காட்டும். அதுக்குள்ள அடுத்தவனும் குடிச்சிருப்பான்.

என் கருத்து இதுதான். சாராயம்னு சொன்னாலாவது யார் காய்ச்சினது, எதுல காய்ச்சினதுன்னு ஒரு கேள்வி வரும். சரக்குன்னு சொல்லிட்டா எதுவும் வராது. "இருக்கா?" "இருக்கு." முடிஞ்சுது. பேப்பர்காரங்க போடற 'கள்ளச்சாராயம் குடித்துப் பலி'யும் எனக்கு ஒப்பலை. அதை யாரும் காய்ச்சவே இல்லையே சார்? ஆலைக்குப் போக வேண்டிய விஷம் பாக்கெட்டுக்குள்ள வந்திருக்கு. 'குடித்து'ன்னு எழுதினா தப்பு செத்தவன் தலையில. 'மெத்தனால் விற்று'ன்னு எழுதிப் பாருங்க, அது எங்கேர்ந்து கிளம்பி எத்தனை கை மாறி வந்துச்சுன்னு கேக்கத் தோணும்.

பேரை மாத்தினா சாவு நின்னுடுமான்னு கேப்பீங்க. நிக்காது. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல அதே மெத்தனால், அறுபது பேருக்கு மேல. அன்னிக்கும் டீக்கடையில என் பக்கத்துல இருந்தவர் சொன்னது, "சரக்கு சரியில்லையாம்."

புளிச்சுப் போன மாவைப் பத்திச் சொல்ற மாதிரி சொன்னார்.

டிஸ்கி: உங்க ஊர்ல சரக்குக்கு வேற அர்த்தம் ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.