ஸோம்பி வந்தால் கம்பு எதற்கு?

கடந்த தவணையில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. விடுதிக்கு எதிரே உள்ள மாமாக் கடையில் நாங்கள் ஆறு பேர் அமர்ந்திருந்தோம். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டிய இடுபணியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. முதல் நாள் இரவு பார்த்த படத்தின் தாக்கம் இன்னும் தீராத ஒரு நண்பன் கேட்டான்: “இப்போதே, இந்த நிமிடமே, ஸோம்பிகள் வந்துவிட்டால் எதை எடுத்து அடிப்பாய்?”

இப்படிப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மட்டும் நாம் சளைப்பதே இல்லை! ஒருவன் கடையின் சமையற்கட்டைக் காட்டி, “பாராங் கத்தி” என்றான். மருந்தியல் படிக்கும் தோழி சுவரில் தொங்கிய தீயணைப்பானைக் காட்டினாள். இன்னொருவன் பூப்பந்து மட்டை என்றான். கடைசியாக ஒருவன், “டுரியான் பழம், அதுவும் காம்போடு” என்றபோது பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்துவிட்டார்கள். பிறகு எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். “இவனுக்கென்ன, சிலம்பம் தெரிந்தவன். துடைப்பக் கட்டை ஒன்று போதும். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்!”

நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை. அதற்கு முன், நண்பர்களே, அந்தக் கேள்வியைச் சற்று முறையாகவே ஆராய்ந்து பார்ப்போம்.

1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்திலிருந்து இன்றுவரை ஸோம்பிக்கு ஏறக்குறைய ஒரே இலக்கணம்தான். அதற்கு வலியில்லை, பயமில்லை, கூட்டமாக வரும், கடித்தால் தொற்றும். மலாய்ப் படவுலகம் 2007இல் ‘ஸோம்பி கம்போங் பிசாங்’ என்று அதைக் கம்பத்துக்கே அழைத்து வந்தது. தமிழில் 2016இல் ‘மிருதன்’ வந்தது. ஆக, அந்த எதிரியை நமக்கு நன்றாகவே தெரியும்.

இனி நம் கலைகளை அதன் முன்னே நிறுத்திப் பாருங்கள். தற்காப்புக் கலைகளில் பெரும்பகுதி, எதிராளிக்கு வலிக்கும் என்ற நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. மணிக்கட்டை முறுக்கினால் பிடியை விடுவான்; விலாவில் குத்தினால் பின்வாங்குவான்; கழுத்தை இறுக்கினால் மயங்குவான். வலியும் மூச்சும் இல்லாத எதிரியிடம் இந்தப் பாடங்கள் செல்லாக்காசு! மிஞ்சுவது சமநிலை ஒன்றுதான். இரண்டு காலில் நிற்கும் எதுவும், காலை வாரினால் விழும். ஆனால் ஜூடோ வீரர் எதிராளியைத் தூக்கி எறிய வேண்டுமானால் முதலில் அவனைப் பற்றிப் பிடிக்க வேண்டும். கடியால் பரவும் நோயைக் கட்டிப்பிடித்து வெல்ல முடியுமா?

இங்கேதான் சிலம்பத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. நெற்றி உயரக் கம்பு, அதாவது ஏறக்குறைய ஐந்தரை அடி. அந்த நீளம் எதிரியை எட்ட நிறுத்தும். திறந்த திடலில் இதைவிட நல்ல துணை கிடையாது. ஆனால் நம் விடுதியின் நடைவழியில் அதைச் சுழற்றிப் பாருங்கள்! முதல் சுற்றில் விளக்கு உடையும், இரண்டாவது சுற்றில் நண்பனின் மூக்கு உடையும். குறுகிய இடத்தில் குத்த மட்டுமே முடியும், வீச முடியாது.

கையில் கிடைப்பதை ஆயுதமாக்குவது புதிய கலையன்று. ஒக்கினாவாவின் கோபுடோவில் ‘காமா’ என்பது வயலில் அறுக்கும் அரிவாள்தான். எனினும் எல்லாப் பொருளும் இதற்கு உதவாது. இன்றைய அலுமினியத் துடைப்பக் கட்டை இரண்டாவது அடியில் வளைந்துவிடும். பாராங் கத்திக்கு எதிரியைக் கைக்கெட்டும் தூரத்தில் விட வேண்டும். எலும்பில் சிக்கினால் கத்தியும் போய்விடும். உண்மையைச் சொன்னால், அடிப்பதற்கான பொருளைவிடக் கடியைத் தடுக்கும் பொருளே மேல். மோட்டார் சைக்கிள் தலைக்கவசமும் தடித்த மேலங்கியும் எந்தக் கத்தியையும் விடப் பயனுள்ளவை. 2016இல் வந்த ‘டிரெயின் டு பூசான்’ என்ற கொரியப் படத்தில் நாயகர்கள் கைகளில் ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறார்கள்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். அதுதான் களைப்பு. குத்துச்சண்டையில் பயிற்சி பெற்ற வீரர்களுக்கே மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிமிட ஓய்வு தருகிறார்கள். விரிவுரை மண்டபத்துக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் நாம், முழு வேகத்தில் எத்தனை நிமிடம் அடிப்போம்?

“அடிக்காமல் இருந்தால் மட்டும் பிழைப்போமா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2009இல் கனடாவின் கார்ல்டன், ஒட்டாவா பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் ஸோம்பித் தொற்றைக் கணித மாதிரியாக்கிப் பார்த்தார்கள். விரைவாகவும் திரும்பத் திரும்பவும் தாக்கினால்தான் மனித இனம் தப்பும் என்பது அவர்களின் முடிவு. ஆனால் அந்தத் தாக்குதல் ஒருங்கிணைந்த ஒரு கூட்டத்தின் வேலை; துடைப்பக் கட்டை ஏந்திய தனி நாயகனின் வேலையன்று. 2011இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் பேரிடர் விழிப்புணர்வுக்காக ஸோம்பியையே சாக்காக வைத்து ஒரு பட்டியல் வெளியிட்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு லிட்டர் தண்ணீர், கெடாத உணவு, மருந்து, வானொலி, முக்கிய ஆவணங்கள், முதலுதவிப் பெட்டி. அதில் வாளும் இல்லை, துப்பாக்கியும் இல்லை.

இனி, எனக்குத் தூக்கம் வராத காரணத்துக்கு வருகிறேன்.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. நான் ஐந்தாம் படிவ மாணவன். எங்கள் வீடு ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில். முதல் நாள் தொடங்கிய மழை ஓயவில்லை. இரவில் மின்சாரம் போனது. கீழ்த்தளத்தில் தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. வேலைக்குப் போன அப்பாவால் திரும்பி வர முடியவில்லை. வீட்டில் அம்மா, ஒன்பது வயதுத் தங்கை, நான்.

காலியான வீடுகளில் திருடர்கள் புகுகிறார்கள் என்று புலனக் குழுவில் ஒரு செய்தி வந்தது. உண்மையா பொய்யா என்று யார் பார்த்தார்கள்? நான் என் சிலம்பக் கம்பை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் அமர்ந்தேன். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலம் முழுவதும் ஸோம்பிப் படங்களாகப் பார்த்துத் தள்ளியவன் நான். உள்ளுக்குள் அச்சம்தான். ஆனால் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், ஓர் ஓரத்தில் ஆசையும் இருந்தது. இத்தனை ஆண்டு கற்றதற்கு இன்று வேலை வரும் என்ற ஆசை.

வேலை வந்தது. வாசலில் தண்ணீர் சலசலத்தது. கதவு மெல்லத் திறந்தது. இருட்டில் ஒரு கரிய உருவம், இரண்டு கைகளையும் முன்னே நீட்டியபடி, தள்ளாடித் தள்ளாடி, ஏதோ முனகிக்கொண்டு உள்ளே வந்தது. நான் யாரென்று கேட்கவில்லை. தலையைக் குறிவைத்துக் கம்பை முழு வேகத்தில் ஓங்கினேன்.

கம்பு மாடிப்படியின் மேல் உத்தரத்தில் மோதி என் கையை விட்டுத் தெறித்தது. “டிக், இனி பாக்சிக் லா!” என்று நடுங்கும் குரல் கேட்டது. எதிர்வீட்டுப் பாக்சிக்! கைவிளக்கு தண்ணீரில் விழுந்து அணைந்ததால் சுவரைத் தடவித் தடவி வந்திருக்கிறார். குளிரில் வாய் குழறியிருக்கிறது. அவர் மனைவிக்கு நீரிழிவு. இன்சுலின் வைத்திருந்த குளிர்பதனப் பெட்டி கவிழ்ந்துவிட்டது. முதன்மைச் சாலைக் கடைகளின் மேல்தளத்துக்குப் போனால் படகு வருமாம். உதவிக்கு ஆள் வேண்டும் என்று கேட்கத்தான் வந்தார்.

அன்று பாக்சிக்கைக் காப்பாற்றியது என் கலையுமல்ல, என் அறிவுமல்ல. ஒரு சிமெண்டு உத்தரம்! “தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன்” என்பார்களே, அந்தத் தண்டல்காரனாகத்தான் நான் அங்கே நின்றேன்.

தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்ததால் உடனே புறப்பட்டோம். எங்கள் சந்தில் இரு பக்கமும் திறந்த லோங்காங். கறுத்த வெள்ளத்துக்கு அடியில் சாலை எங்கே முடிகிறது, லோங்காங் எங்கே தொடங்குகிறது என்று யாருக்குத் தெரியும்? அப்போதுதான் கம்பு மீண்டும் என் கைக்கு வந்தது, இம்முறை வேறு வேலைக்கு. நான் முன்னால் நடந்தேன். ஒவ்வோர் அடிக்கும் முன் கம்பை ஊன்றித் தரையைத் தேடினேன். பின்னால் அம்மா, பாக்சிக், மாக்சிக் மூவரும் எங்கள் கொடிக்கயிற்றைப் பிடித்து வந்தார்கள். தங்கை துணி துவைக்கும் பெரிய பேசினில் உட்கார்ந்திருந்தாள். அம்மா அதை இழுத்து வந்தார்.

சிலம்பம் சேர்ந்த புதிதில், இரண்டு மாதம் வரை ஆசான் எங்கள் கையில் கம்பே தரவில்லை. வெறும் காலடிப் பயிற்சிதான். “முன்கால் தரையை அறியும் வரை எடை பின்காலில் இருக்கட்டும்” என்று சொல்லிச் சொல்லி எங்களைச் சலிப்படைய வைத்தார். அன்று முச்சந்தியில் ஊன்றிய கம்பு அடி தட்டாமல் பாதிக்கு மேல் இறங்கியபோது, என் எடை பின்காலில்தான் இருந்தது. நாங்கள் இடப்பக்கம் திரும்பினோம். இருநூறு மீட்டர் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. மறுநாள் பிற்பகல் வந்த தன்னார்வலர் படகில் மாக்சிக்குக்கு மருந்து கிடைத்தது. அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பதைப் பின்னர் செய்திகளில் படித்தபோதுதான், நாங்கள் எதைத் தாண்டி வந்தோம் என்பது எனக்கு உறைத்தது.

ஒரே கம்பு, ஒரே இரவு, ஒரே மனிதர். முதலில் அவர் மண்டையைப் பிளக்கப் பார்த்தது. பிறகு அவருக்கு வழி காட்டியது. கம்பு மாறவில்லை. என் மனத்தில் இருந்த கேள்விதான் மாறியது. “எதை எடுத்து அடிப்பது?” என்று கேட்டுக்கொண்டிருந்தவரை, வாசலில் வந்தவர் எனக்கு மனிதராகவே தெரியவில்லை. “யாரை அழைத்துச் செல்வது?” என்ற கேள்வி வந்த பிறகுதான் ஆசான் கற்றுத்தந்தது நினைவுக்கு வந்தது. ஸோம்பிக் கதையின் கவர்ச்சியும் ஆபத்தும் இங்கேதான் என்பது என் கருத்து. குற்றவுணர்வு இல்லாமல் அடிக்கத்தக்க ஒரு மனித உருவத்தை அது நமக்குத் தருகிறது. ஆனால் உண்மைப் பேரிடரில் இருட்டில் முனகிக்கொண்டு வருபவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்தான். ‘டிரெயின் டு பூசான்’ படத்திலும் நெஞ்சை உலுக்கியது கடி அல்ல. உயிர் தப்பி வந்தவர்களை உள்ளே விடாமல் கதவை அடைத்துக்கொண்ட பயணிகள்தான். அதே 2021இன் நடுவில், உணவில்லாத வீடுகள் வாசலில் வெள்ளைத் துணி கட்டினால் அக்கம்பக்கத்தார் அரிசியோடு வந்தார்களே, அது எந்தத் தற்காப்புக் கலைக்குக் குறைந்தது?

இதனால் சிலம்பம் வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். இரவில் தனியே நடக்கும் நம் தோழியருக்குத் தற்காப்பு கட்டாயம் தேவை. அங்கும் முதல் பாடம் விலகு, கத்து, ஓடு என்பதுதான்; அடி என்பது கடைசி. நான் கேட்பதெல்லாம், அந்த முதல் பாடத்துக்கும் நம் கழகத்தில் ஓர் இடம் வேண்டும் என்பதே. கலை இரவில் நாம் தீச்சிலம்பம் சுற்றுகிறோம், அரங்கம் அதிரக் கைதட்டல் வாங்குகிறோம். காலடியை மட்டும் மேடையேற்றினால் யாரும் கைதட்ட மாட்டார்கள். அது எனக்கும் தெரியும். ஆகவே அதைத் திடலில் கற்போம்.

தவணைக்கு ஒரு சனிக்கிழமை காலை போதும். மருத்துவர்களாகவும் தாதியராகவும் பணிபுரியும் நம் முன்னாள் மாணவர்கள் வந்து, நெஞ்சழுத்த முதலுதவியையும் காயத்துக்குக் கட்டுப்போடுவதையும் சொல்லித் தரட்டும். நாங்கள் கம்பூன்றி நடப்பதையும் கயிறு பிடித்து நகர்வதையும் காட்டுகிறோம். விடுதியில் யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு நீரிழிவு என்று அவரவர் விருப்பத்தோடு ஒரு பட்டியல் எடுத்து வைப்போம். ஸோம்பி வராது. வெள்ளம் வரும், தீ வரும், மீண்டும் ஒரு தொற்றும் வரலாம்.

மாமாக் கடையில் கேட்ட கேள்விக்கு என் பதிலை அன்று நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். முதலில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவேன். அடுத்த தவணை அந்தச் சனிக்கிழமையில் திடலில் சந்திப்போம். கம்பு நான் கொண்டு வருகிறேன். கயிறு நீங்கள் யாராவது கொண்டு வாருங்கள்.