கடலோரக் கிறிஸ்துமஸ்: கரை தருவதும் கடலிடம் பறிப்பதும்

கிறிஸ்துமஸ் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது பனி மூடிய மரமும், சிவப்புத் தொப்பி அணிந்த தாத்தாவும், மான்கள் இழுக்கும் வண்டியும்தான். தூத்துக்குடியிலும் நாகர்கோவிலிலும் டிசம்பர் மாதத்தில்கூட மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாது. ஆனாலும் அங்குள்ள வீடுகளில் பிளாஸ்டிக் மரத்தின் மேல் பஞ்சைப் பிய்த்துப் போட்டு "பனி" பெய்ய வைக்கிறார்கள். இயேசு பிறந்த பெத்லகேமிலேயே பனி பொழிவது அபூர்வம்!

இந்தப் பனிக் கிறிஸ்துமஸ் அலுத்துப் போனவர்களுக்காக இப்போது இன்னொரு பாணி பரவி வருகிறது. அதுதான் கடலோர அலங்காரம். அமெரிக்காவின் கடற்கரை வீடுகளின் படங்கள் மூலம் உலகெங்கும் போன பாணி இது. சிவப்பும் பச்சையும் கிடையாது; வெள்ளை, நீலம், மணல் நிறம். மரத்தில் கண்ணாடி உருண்டைகளுக்குப் பதில் சிப்பிகள். உச்சியில் காகித நட்சத்திரத்துக்குப் பதில் காய்ந்த நட்சத்திர மீன். மேசையில் பவளக் கொத்து, கதவில் கடற்குதிரை. "எல்லாமே இயற்கைப் பொருள்கள், பிளாஸ்டிக் இல்லை" என்பதுதான் இதன் பெருமை.

இந்த எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் அதைச் செய்யும் விதத்தில் பெரிய தவறு இருக்கிறது. கடலைப் போல் வீட்டை அழகுபடுத்துகிறேன் என்று கடலையே கொன்று கொண்டுவந்து மாட்டுவது இயற்கை அலங்காரம் ஆகாது.

ஊருக்கேற்ற விழா

முதலில் நல்ல பக்கத்தைப் பார்க்க வேண்டும். விழாவை அந்தந்த ஊரின் பொருள்களைக் கொண்டு கொண்டாடுவது புதிய வழக்கம் அல்ல. 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரெச்சோ என்ற மலையூரில் அசிசி நகர் பிரான்சிஸ் கிறிஸ்துமஸ் குடில் அமைத்தார். அதற்கு அவர் தேடிய பொருள்கள் ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை. அந்த ஊரில் இருந்தவை அவைதான். இன்று வீடுகளிலும் ஆலயங்களிலும் குடில் வைக்கும் வழக்கம் பரவ அந்த எளிய குடில் பெரிய காரணம்.

இன்றைய கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மனியின் வழக்கம். விக்டோரியா மகாராணியின் குடும்பம் அலங்கரித்த மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்த பிறகு, ஆங்கிலேயர்கள் மத்தியில் அது வேகமாகப் பரவியது. ஆங்கிலேயர் போன இடமெல்லாம் மரமும் போனது. ஆனால் போன இடத்தில் எல்லோரும் பனியைத் தேடவில்லை. நியூசிலாந்தில் டிசம்பர் கோடைக்காலம். அங்கே கடலோரப் பாறைகளில் வளரும் பொகுதுகாவா மரம் அந்த மாதத்தில்தான் சிவப்பாகப் பூத்துக் குலுங்கும். அதையே தங்கள் கிறிஸ்துமஸ் மரம் என்கிறார்கள். பிலிப்பைன்ஸ் மக்கள் மூங்கில் சட்டத்தில் மெல்லிய தாள் ஒட்டி "பரோல்" என்ற நட்சத்திர விளக்கு செய்து தொங்கவிடுகிறார்கள்.

தமிழகக் கடலோரமும் இதில் குறைந்தது அல்ல. மூங்கில் சிம்பை வளைத்துக் காகிதம் ஒட்டிய நட்சத்திரம், வாசலில் கோலம், முளைவிட்ட கேழ்வரகுப் பயிரைப் புல்வெளியாக வைத்த குடில், வெட்டிக் கொண்டுவந்த சவுக்குக் கிளையே கிறிஸ்துமஸ் மரம். இவையெல்லாம் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் பொருள்கள் வருவதற்கு முன்பே இருந்தவை. எனவே கடலோரத்தில் வாழ்பவர் கடலோரப் பொருளால் வீட்டை அலங்கரிப்பது இரவல் பாணி அல்ல, அவருடைய உரிமை. கேள்வி எந்தப் பொருளால் என்பதுதான்.

பளபளப்பின் பின்னால்

கரையில் நடந்து போகும் ஒருவர் பொறுக்கும் சிப்பிகளைப் பாருங்கள். ஓரம் உடைந்திருக்கும். நிறம் மங்கியிருக்கும். அலையும் மணலும் உரசி உரசித் தேய்ந்திருக்கும். உள்ளே இருந்த உயிர் இறந்து நெடுநாள் ஆகியிருக்கும்.

கடையில் விற்கும் சிப்பிகள் அப்படியா இருக்கின்றன? ஒன்றுகூட உடையாமல், கண்ணாடி போல மின்னுகின்றன. இதற்குக் காரணம் எளிது. அவற்றில் பெரும்பாலானவை உயிரோடு பிடிக்கப்பட்டவை. சோழியை எடுத்துக் கொள்ளலாம். உயிருள்ள சோழி தன் மென்மையான சதையை இரு பக்கமும் விரித்து ஓட்டையே போர்த்திக் கொள்கிறது. அந்தப் போர்வைதான் ஓட்டை வளர்க்கிறது, பளபளப்பாகவும் வைத்திருக்கிறது. அது இறந்து ஓடு கரையில் உருண்டால் சில காலத்தில் பளபளப்பு போய்விடும். ஆக, பளபளக்கும் சோழி என்றால் உயிரோடு எடுத்துச் சதையை நீக்கிய சோழி என்றே பெரும்பாலும் கொள்ள வேண்டும். கொதிநீரில் போட்டோ, மண்ணில் புதைத்தோ சதையை அகற்றுவார்கள். சங்கு வகைகள் பலவற்றை அமிலத்தில் கழுவி எண்ணெய் தடவி மெருகேற்றுவார்கள். "இயற்கை" என்று பெட்டியில் ஒட்டி விற்பது இதைத்தான்!

நட்சத்திர மீன் விஷயம் இன்னும் வருத்தமானது. அது மீனும் அல்ல, காய்ந்த பொம்மையும் அல்ல. அடிப்பக்கம் நூற்றுக்கணக்கான சிறு குழாய்க் கால்களால் நகர்ந்து இரை தேடும் உயிர். கரையில் ஒதுங்கிக் கிடப்பதுகூடப் பல நேரம் உயிரோடுதான் இருக்கும். அசைவு மெதுவாக இருப்பதால் தெரிவதில்லை. மரத்தின் உச்சியில் வைக்க ஒரே அளவில், ஐந்து கையும் விறைத்து நிற்கும்படி வேண்டுமென்றால் அதை உயிரோடு பிடித்துக் காயவைத்தால்தான் முடியும். பிறப்பைக் கொண்டாடும் விழாவில் உச்சியில் நிற்பது ஒரு கொலையின் அடையாளம். அதை எத்தனை பேர் யோசிக்கிறார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்குகளுக்கு மட்டுமானது என்றே பலர் நினைக்கிறார்கள். 2001ஆம் ஆண்டு அதன் பட்டியல்களில் கடல் உயிர்கள் பல சேர்க்கப்பட்டன. கடற்குதிரைகள், கடலட்டைகள், பாறை கட்டும் பவளங்கள், கடல்விசிறிகள் எல்லாம் அதில் வந்தன. சங்கு, சிப்பி வகைகளில் மட்டும் 24 இனங்கள் சேர்ந்தன. ராட்சதச் சிப்பிகள், நாட்டிலஸ், ஐவிரல் சங்கு வகைகளில் சில ஆகியவை அவற்றுள் அடக்கம். இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். சுற்றுலா போன இடத்தில் அழகாக இருக்கிறதே என்று வாங்கிப் பையில் போட்டுக் கொள்பவருக்கு இது தெரிவதே இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிலிப்பைன்ஸில் பரோல் விளக்கைக் காகிதத்தில் மட்டும் அல்லாமல், ஒளி ஊடுருவும் மெல்லிய சிப்பி ஓட்டிலும் செய்கிறார்கள். அந்தச் சிப்பி இனம் இந்தியாவில் 2001ஆம் ஆண்டுப் பட்டியலில் உள்ளது. ஒரு நாட்டின் மரபு இன்னொரு நாட்டில் குற்றமாகலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம். படத்தைப் பார்த்து அப்படியே செய்யக் கூடாது என்பது இதனால்தான்.

இந்தச் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு மன்னார் வளைகுடாவே சாட்சி. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்தத் தீவுகளில் இரண்டு இன்று கடலுக்கு மேல் இல்லை, மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததே அதற்கு முக்கியக் காரணம். பவளப்பாறை என்பது மீன்குஞ்சுகளின் தொட்டில். அலையின் வேகத்தைத் தணிக்கும் வேலியும் அதுவே. 2004ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் வந்த சுனாமியில் தமிழகத்தில் மட்டும் சுமார் 8,000 பேர் இறந்தனர். கிறிஸ்துமஸுக்காக வேளாங்கண்ணிக்கு வந்திருந்தவர்களும் அதில் உண்டு. கரையில் வாழ்கிறவர்களுக்குக் கடல் என்பது சுவருக்குப் பூசும் நீல வண்ணம் அல்ல. அதன் வேலியைப் பிடுங்கி மேசையில் வைப்பதை அவர்கள் வேடிக்கை பார்க்க முடியாது.

"அப்படியானால் சிப்பி வியாபாரிகள் என்ன செய்வார்கள்?"

இது நியாயமான கேள்வி. ராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் சிப்பிப் பொருள் விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். தவறு முழுவதையும் அவர்கள் தலையில் போடுவது சரியல்ல. வாங்குகிறவர் எதைக் கேட்கிறாரோ அதைத்தான் அவர்கள் விற்கிறார்கள். பெரிதாக, மின்னலாக, உடையாமல் வேண்டும் என்று கேட்கும் வரை உயிருள்ளவை பிடிக்கப்படும். தடை இல்லாத ஓடுகளை, உணவுக்கு எடுத்ததில் மிஞ்சியவற்றைக் கேட்டு வாங்கினால் அதே கைகள் அதே திறமையை அதில் காட்டும். சங்குக் குளிப்பில் கிடைக்கும் சங்கின் சதையை உண்கிறார்கள், ஓட்டை வளையலாக அறுக்கிறார்கள். எதுவும் வீணாவதில்லை. இந்த வழியில் போனால் தொழிலும் நிற்கும், கடலும் நிற்கும்.

"கரையில் கிடக்கும் காலிச் சிப்பியை எடுத்தால் யாருக்கு நஷ்டம்?" என்றும் கேட்பதுண்டு. ஒருவர் ஒரு கைப்பிடி எடுத்தால் நஷ்டம் இல்லை. ஊரே மூட்டை கட்டினால் நஷ்டம்தான். காலிச் சங்குதான் துறவி நண்டின் வீடு. மீதி ஓடுகள் பொடிந்து மணலோடு மணலாகின்றன. ஸ்பெயின் நாட்டின் மத்தியதரைக் கடற்கரை ஒன்றில் சுமார் 30 ஆண்டு இடைவெளியில் நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. சுற்றுலாப் பயணிகள் ஏறத்தாழ மூன்று மடங்கான காலத்தில் கரையில் கிடந்த சிப்பிகள் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தன.

கரை தானாகத் தருவது

எதையும் எடுக்கவே கூடாதா? அப்படி இல்லை. கரை தானாகவே தரும் பொருள்கள் நிறைய இருக்கின்றன.

முதலாவது சமையலறை. கன்னியாகுமரி மாவட்டத்தின் பாறைக் கரைகளில் சிப்பி எடுத்து உண்பது பழைய வழக்கம். பல ஊர்களில் மட்டியும் சமைப்பார்கள். சாப்பிட்ட பின் குப்பைக்குப் போகும் அந்த ஓடுகளைக் கொதிக்க வைத்து, தேய்த்துக் கழுவி, நான்கு நாள் நல்ல வெயிலில் காயவைத்தால் வாடை போய்விடும். துளையிட்டுத் தேங்காய்நார்க் கயிற்றில் கோத்தால் தோரணம். இதற்காகத் தனியாக எந்த உயிரும் சாகவில்லை.

இரண்டாவது பனை. தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு கடலோர ஊர், பனையோலைக் கைவினைக்கும் பெயர் பெற்றது. குருத்தோலை ஞாயிறன்று ஓலையில் சிலுவை முடையத் தெரிந்த கைக்கு நட்சத்திரம் முடைவது பெரிய வேலையா? பனை தமிழ்நாட்டின் மாநில மரம்கூட. காய்ந்த நட்சத்திர மீனுக்கு ஓலை நட்சத்திரத்தைவிடச் சிறந்த மாற்று வேறு இல்லை. காசும் ஓலை முடையும் பெண்களின் கைக்கே போகும்.

மூன்றாவது மணல்மேடு. அங்கே வளரும் இராவணன் மீசைப் புல்லின் முள்முள்ளான உருண்டைக் கதிர்கள் முற்றியதும் கழன்று, காற்றில் கரையெங்கும் உருண்டோடும். மரத்தில் தொங்கவிட அதைவிட அழகான உருண்டை எந்தத் தொழிற்சாலையிலும் கிடைக்காது. ஆனால் கழன்று உருள்வதை மட்டும் எடுக்க வேண்டும், அதுவும் சிலவற்றை. மணலைப் பிடித்து வைத்திருக்கும் அந்தப் புல்லையும் அடப்பங்கொடியையும் வேரோடு பிடுங்கக் கூடாது.

இவை போக, மரத்துக்குச் சவுக்குக் கிளை இருக்கிறது, அதன் குட்டிக் காய்கள் இருக்கின்றன. காய்ந்த தென்னம்பாளை தானாகவே படகு வடிவில் இருக்கும். அதற்குள் மணல் பரப்பிக் குடில் அமைத்தால் மீனவர் வீட்டுக்கு எவ்வளவு பொருத்தம்! கொட்டாங்கச்சியில் துளை போட்டுச் சிறு எல்இடி விளக்கு வைக்கலாம். அறுந்துபோன பழைய வலைத் துண்டைக் கழுவிச் சுவரில் விரித்தால், கடலில் கிடந்து ஆமையைச் சிக்க வைக்க வேண்டிய நைலான் ஒரு நல்ல காரியத்துக்கு உதவும்.

வாங்கும்போது ஒரு கேள்வி போதும். "இது இங்கே வருவதற்காக ஓர் உயிர் செத்ததா?" செத்திருந்தால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கரையில் நட்சத்திர மீனைக் கண்டால் மெதுவாக எடுத்துத் தண்ணீரிலேயே விட்டுவிடலாம். குழந்தைகளுக்கு அதைவிட நல்ல கிறிஸ்துமஸ் பாடம் கிடைக்காது.

மாட்டுத் தொழுவத்தில் பிறந்த குழந்தைக்கு அங்கிருந்த வைக்கோல் போதுமானதாக இருந்தது. கடலோர வீட்டுக்கு ஓலையும், சிப்பி ஓடும், சவுக்குக் கிளையும் போதாதா?