வாசலில் நிற்கும்வரைதான் கெடுபிடி

நாடுகளின் கூட்டமைப்பு ஜனநாயகத்தை வலுப்படுத்துமா? சேர்ந்த நாட்டைவிட, சேரக் காத்திருக்கும் நாட்டைத்தான் அது அதிகம் திருத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1993-இல் கோபன்ஹேகனில் ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, சந்தைப் பொருளாதாரம் ஆகியவற்றை நுழைவு நிபந்தனைகளாக்கியது. 1997-இல், விண்ணப்பித்த நாடுகளில் மெசியார் ஆண்ட ஸ்லோவாக்கியா மட்டும் அரசியல் நிபந்தனையில் தேறவில்லை என்று ஐரோப்பிய ஆணையம் சொன்னது. போலந்தும் ஹங்கேரியும் பேச்சுவார்த்தைக்கு அழைக்கப்பட, ஸ்லோவாக்கியா வாசலில் நின்றது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் மெசியாரின் கட்சி முதலிடம் பெற்றும் ஆட்சியமைக்கத் துணை கிடைக்கவில்லை. பின்வந்த கூட்டணி அரசு நொடித்துப்போன வங்கிகளைச் சீர்செய்து விற்றது. 2004-இல் நாடு ஒன்றியத்தில் சேர்ந்தது. இந்த மாற்றம் வெளியாரின் ஆணைதானே என்று கேட்கலாம். ஆனால் ஆட்சியை மாற்றியது ஸ்லோவாக்கிய வாக்குச்சீட்டு. பிரஸ்ஸல்ஸ் காட்டியது விலைச்சீட்டை மட்டுமே. அந்நாடு கொண்டுவந்த 19 சதவீத ஒரே விகித வரியும் (பழைய உறுப்பு நாடுகள் சில அதைக் கண்டு முகம் சுளித்தன) ஒன்றியம் கேட்டதல்ல.

உள்ளே வந்தபின் கதை வேறு. அன்று நல்ல மாணவனாக இருந்த ஹங்கேரியில்தான் 2010-க்குப் பின் பிரதமர் ஓர்பான் நீதித்துறையையும் ஊடகத்தையும் வளைத்தார். 2018-இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் அந்நாட்டின்மீது தொடங்கிவைத்த நடவடிக்கை நகரவில்லை. ஒன்றியத்தில் அதன் வாக்குரிமையைப் பறிக்கும் கட்டத்துக்குப் போக மற்ற எல்லா நாடுகளும் ஒருமனதாக ஒப்பவேண்டும், போலந்தோ அப்போது ஹங்கேரிக்குக் கேடயம். 2022 டிசம்பரில் ஒன்றியம் நிதியை நிறுத்திவைத்த பிறகே புடாபெஸ்ட் நீதித்துறைச் சட்டங்களைத் திருத்த இறங்கிவந்தது, அதுவும் அரைமனதாக.