வயிற்று வலியா? மன வலியா?

"தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்தார். மனம் உடைந்து விபரீத முடிவை எடுத்தார்."

பஸ்ஸிலும் மின்சார ரெயிலிலும் பேப்பர் படிப்பவர்களுக்கு இந்த வரி மனப்பாடம். ஆள் மாறும், பேட்டை மாறும். வரி மாறாது. வீட்டார் அப்படித்தான் புகார் எழுதிக் கொடுக்கிறார்கள். ஏட்டையாவும் அப்படியே எழுதிக் கொள்கிறார். "மனசு சரியில்லை" என்று சொன்னால் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு வரன் வராதே என்ற பயம்!

ஊருக்குள் இத்தனை பேருக்கா வயிற்று வலி?

பல பேருக்கு அது மனச்சோர்வு என்ற நோய். டாக்டர்கள் 'டிப்ரஷன்' என்கிறார்கள். வயிற்று வலி என்று சொன்னது முழுப் பொய்யும் அல்ல. தலைவலி, வயிற்றுக் கோளாறு, உடம்பு அசதி என்று உடம்பு வழியாகத்தான் இந்த நோய் பலருக்குத் தலை காட்டும். வயிற்றுக்கு மாத்திரை வாங்கிப் போட்டால் எப்படிக் கேட்கும்?

"கவலை யாருக்குத்தான் இல்லை? நாலு நாள் போனால் சரியாகும்" என்பார்கள். கவலை நாலு நாளில் போகும். இது போகாது. 2 வாரத்துக்கு மேல், தினமும், எதிலும் பிடிப்பு இல்லாமல் கிடப்பது, விடியுமுன் முழிப்புத் தட்டுவது, சோறு இறங்காதது, "நான் வீட்டுக்குப் பாரம்" என்ற நினைப்பு... இவையெல்லாம் சேர்ந்து வந்தால் அது நோய். சோம்பேறித்தனமும் இல்லை, செய்வினையும் இல்லை.

நோய் முற்றியிருந்தால் மாத்திரை வேண்டும். அது வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். நாலு நாள் போட்டுவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்று தூக்கி எறியக் கூடாது.

மாத்திரை மாதிரியே பேச்சும் ஒரு வைத்தியம்தான். 'பேசினால் நோய் போகுமா?' என்று சிரிக்கிறவர்கள் கோவாவைப் பார்க்கட்டும். அங்கே 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனச்சோர்வு கடுமையாக இருந்த 495 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. பேச்சு வைத்தியம் செய்தவர்கள் பெரிய டாக்டர்கள் இல்லை. பயிற்சி கொடுத்துத் தயார் செய்த சாதாரண ஆட்கள்! தடவைக்கு அரை மணி, முக்கால் மணி. மொத்தம் 6 முதல் 8 தடவை. அவ்வளவுதான். 3 மாதம் கழித்துப் பார்த்தால், பேச்சு வைத்தியம் கிடைத்தவர்களில் 100-க்கு 64 பேர் தேறியிருந்தார்கள். கிடைக்காதவர்களில் 39 பேர்தான். 2017-ல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் வந்த கணக்கு இது.

அப்படி என்னதான் பேசுகிறார்கள்? புத்திமதி சொல்வதில்லை. அதைத்தான் மாமனும் மச்சானும் ஓசியில் சொல்கிறார்களே! 'மனசு சரியாகட்டும், அப்புறம் எழுந்திருக்கலாம்' என்று படுத்துக் கிடப்பவரை, முதலில் எழுந்திருக்க வைக்கிறார்கள். இன்றைக்குக் குளியல். நாளைக்குத் தெருமுனை வரை நடை. அப்புறம் விட்டுப்போன ஒரு சிநேகிதரைப் பார்ப்பது. உடம்பு அசைய அசைய மனசு பின்னாலேயே வரும். எது முடிந்தது, எது முடியவில்லை என்று அடுத்த தடவை உட்கார்ந்து பார்ப்பார்கள்.

நம்ம ஊரில் 'கீழ்ப்பாக்கம்' என்றாலே கேலி. 1794-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. அங்கே வெளிநோயாளியாக வந்து, டாக்டரைப் பார்த்துவிட்டு, மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் ஏராளம். ஜி.எச்., ஸ்டான்லியிலும் மனநலப் பிரிவு உண்டு. சினிமாக்காரர்கள் அந்த ஊர்ப் பெயரை வைத்துச் சிரிக்க வைத்தது போதும்.

கோவாவில் முடிந்தது இங்கே ஏன் முடியாது? பேட்டைக்குப் பேட்டை இருக்கிற சுகாதார நிலையத்தில், பயிற்சி பெற்ற ஒரு ஆள், கதவு சாத்திப் பேச ஒரு அறை. இதற்குக் கோடிகள் வேண்டாம். அதிகாரிகள் மனசு வைக்க வேண்டும். ஸ்டேஷனிலும் வயிற்று வலி என்று எழுதி ஃபைலை மூடாமல், கொஞ்சம் விசாரித்து நிஜக் காரணத்தை எழுதட்டும். வியாதி எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் சர்க்காருக்கே தெரியும்.

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்த பழைய 309-வது பிரிவு, 2024 ஜூலை 1-ல் புதுச் சட்டம் வந்ததோடு போய்விட்டது. வழக்குக்குப் பயந்து ஆஸ்பத்திரியில் பொய் சொல்ல வேண்டாம்.

மத்திய அரசின் 'டெலி மானஸ்' 2022 அக்டோபரில் தொடங்கியது. நம்பர் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது.